ஜெபத்தில் கரைந்த பனி

அத்தியாயம் 9

போன வாரம் ஹெட்மாஸ்டர் ரசலையனை அசம்பு மலையின் பாதி ஏற்றத்தில், டோலிக்குள் சாய்ந்தபடி, அதைத் தோளில் சுமந்த டோலிக்காரர்களுக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். கவலை வேண்டாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர் சேதாரமின்றி மேலே வந்து சேர்ந்துவிட்டார். சேதாரம் டோலிக்காரர்களுக்குத்தான். இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்தில் கம்பளிக்குள் படுத்து இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ‘ஸ்நோ’ என்ற ஆங்கிலப் பாடத்தை நடத்தி வருகிறவர் அவர். நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டேதான் நடத்துவார். நவம்பரில் வந்த இன்ஸ்பெக்டர், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால், “மாஸ்டர் இதை நேரில் பார்த்ததுண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த பனிக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. சீமைப் பனிக்கு வழியில்லாததால் அசம்பு மலையின் உறைபனியையாவது பார்ப்பது என்று முடிவு கட்டிவிட்டார்.

நண்பர்கள் நாலு பேரோடு போவதாகத்தான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஏறுவது, சனிக்கிழமை காலையில் பார்ப்பது, பிறகு இறங்கிவிடுவது. நாலு பேரில் மூன்று பேர் மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் முழங்கால்வலி கண்டு பஸ் ஏறிவிட்டார்கள். மிஞ்சியவர் வக்கீல் குமாஸ்தா நாராயணபெருமாள் பிள்ளை ஒருவரே.

அழைக்காமல் கிளம்பி வந்தவர்கள் இரண்டு பேர். ஹெட்மாஸ்டரின் மனைவி ஜெபகனி, மகள் ராகேல். அவர்கள் பனிக்காக வரவில்லை. ஒரு கையெழுத்துக்காக வந்தார்கள்.

ராகேலுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தகப்பன் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தோடு டாக்டரம்மா முன்னால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மூன்று வாரமாக ஜெபகனி அந்தக் காகிதத்தை நீட்டுவதும், ஹெட்மாஸ்டர், “முதலில் பனியைப் பார்த்துவிட்டு வருகிறேன். தெளிந்த மனத்தோடு யோசிப்போம்” என்பதுமாக இருந்தது. பனிக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஜெபகனி கேட்டுப் பார்த்தாள். சம்பந்தத்தை விளக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் ஒரு மீன்குழம்பே வைத்து இறக்கிவிட்டாள். விளக்கம் முடியவில்லை. ஆகவே பத்திரத்தை வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு மலையேறிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் பங்களாக் கதவு தட்டப்பட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் குமாரதாஸ் நின்றுகொண்டிருந்தான். ஹெட்மாஸ்டரின் பழைய மாணவன். துரை லீவில் சீமைக்குப் போயிருந்ததால் பங்களாவை அவன்தான் திறந்து கொடுத்திருந்தான்.

“சார், பள்ளத்துப் புல்லு பூரா வெள்ளையாட்டு கெடக்கு. சட்டுனு வாங்க. வெயிலு தட்டிச்சுன்னா போச்சு. கூடிப்போனா அரை மணிக்கூர் நிக்கும்.”

ரசலையன் உடுத்தத் தொடங்கினார். பனியன், அதன்மேல் சட்டை, கோட்டு, கோட்டின்மேல் இரவல் கோட்டு. கழுத்தைச் சுற்றி மப்ளர். தலையில் குரங்குக் குல்லாய். கையில் பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டர். மேல்கோட்டின் பொத்தான் வயிற்றை எட்டவில்லை. ஜெபகனி முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பூட்டிவிட்டாள்.

“மூச்சு விடமுடியல்ல.”

“விடாண்டாம். போயிட்டு வந்து விடலாம். நடங்க.”

வாசல் வரைக்கும் வந்துவிட்டார். வெளியே முற்றத்தில் பிள்ளை, குமாரதாஸ், காவல்காரன், அவன் மனைவி வேளாங்கண்ணி, கொழுந்து கிள்ளப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்ற ஏழெட்டுப் பெண்கள். அவ்வளவு பேரைக் கண்டதும் ஹெட்மாஸ்டரின் கால் நின்றுவிட்டது.

வீட்டில் யாரும் காதில் விழாதபோது அவர் ஊர்ப்பேச்சுதான் பேசுவார். கேட்க நாலு பேர் கிடைத்தால் போதும், நாக்கு தானாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளும்.

“காலை ஜெபம் செய்யாமல் நான் வாசல் கடப்பதில்லை. எல்லோரும் உள்ளே வாருங்கள்.”

“வந்து செய்யப்பிடாதா?” என்றாள் ஜெபகனி.

“ஆண்டவரைக் காத்திருக்கச் சொல்கிறாயா?”

ஆண்டவர் காத்திருப்பார், பனிதான் காத்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முழங்காலிட்டுவிட்டார். சுற்றி எல்லோரும் முழங்காலிட்டார்கள். பிள்ளை மட்டும் நாற்காலியில் அமர்ந்து மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரசலையனின் ஜெபத்தை ஜெபகனி இருபத்தாறு வருஷமாக அறிவாள். அது ஒரு ரஸ்தா மாதிரி. எந்த இடத்தில் எந்த ஊர் வரும் என்று அவளுக்குத் தெரியும். உலகச் சிருஷ்டிப்பில் புறப்படும். மகாராஜா வரும்போது புட்டை அடுப்பில் ஏற்றலாம். சீமையில் இருக்கும் மிஷனெரிமார் வரும்போது ஆவி வந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கூரை வரும்போது இறக்கலாம். அவர் ஆமென் சொல்லும்போது புட்டும் பழமும் தட்டில் இருக்கும்.

இன்றைக்கு வழி இன்னும் நீண்டது. கேட்பவர்கள் புதியவர்கள் அல்லவா? மலைகளை உண்டாக்கியதற்காக நன்றி சொன்னவர், இமயம் தொடங்கி உயர வரிசைப்படி சொல்லிக்கொண்டு வந்தார். விந்தியமலையை அடைந்தபோது ஜெபகனி கண்ணைத் திறந்தாள்.

எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் பள்ளம் வெளுத்துக் கிடந்தது. கிழக்கு மலை விளிம்பில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பார்த்தாள். ராகேலும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

தாயும் மகளும் முழங்காலாலேயே பின்வாங்கினார்கள். வேளாங்கண்ணி இவர்களைப் பார்த்துவிட்டாள்; பார்க்காதவள்போல இமைகளை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்கவாட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

பள்ளத்தில் இறங்கியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக வெள்ளை பூசி விறைத்து நின்றது. மணக்குடி உப்பளத்தில் பாத்தி காய்ந்து உப்பு மேலெழும்பி நிற்குமே, அதுபோல. ஜெபகனி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். அடியில் நொறுநொறுவென்று உடைந்தது. உள்ளங்கால் சுட்டது. நெருப்புச் சுடுகிற மாதிரியே சுட்டது. ஆனால் காலை எடுக்கத் தோன்றவில்லை.

“எம்மா, இத பாரு.” ராகேல் ஒரு காட்டிலையைப் பறித்து, அதன்மேல் கண்ணாடிச் சில்லாக ஒட்டியிருந்ததை அலுங்காமல் உரித்து எடுத்தாள். இலையின் நரம்பெல்லாம் அதில் அச்சாக இருந்தது. தாயின் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்ணீரானது.

பங்களாவிலிருந்து கணீரென்று குரல் வந்தது. திவானுக்கு ஞானத்தைத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தது.

“இனியும் இன்ஸ்பெக்டரு, கூரை, ஆறு கிளாசு பிள்ளைங்க” என்று ஜெபகனி விரல்விட்டாள். “நேரம் கெடக்கு. நில்லு.”

வெயில் விளிம்பைத் தாண்டி இறங்கியது. அது பட்ட இடம் பட்ட இடமாக வெள்ளை பச்சையாயிற்று. யாரோ ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போவதுபோல கிழக்கே கிழக்கே ஒதுங்கி, கடைசியில் ஒரு பாறையின் நிழலில் கைக்குட்டை அகலத்துக்கு மட்டும் மிஞ்சி, அதுவும் போயிற்று. இருவரும் உள்ளே வந்து முழங்காலிட்டு மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் ஆமென் வந்தது.

ஹெட்மாஸ்டர் தெர்மாமீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார். ஈரப்புல்லில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

“எங்கே?”

“போச்சு சார்” என்றான் குமாரதாஸ்.

“போயிற்றென்றால் எங்கே போயிற்று?”

“தண்ணியாட்டுப் போச்சு. நீங்க அதுலதான் நிக்கிய.”

பிள்ளை பொடி டப்பியைத் தட்டித் திறந்தார். “ஓய், நீரு திவானுக்கு வேண்டிக்கிட்டு இருந்தீரே, அப்பமே கெளம்பியிருக்கும். சர்க்கார் பேரைக் கேட்டா யாருக்குத்தான் நிக்கத் தோணும்?”

ரசலையன் தொண்டையைச் செருமினார். “பாதகமில்லை. நாளையும் விழும் அல்லவா?”

“மேகம் மூடல்லன்னா விழும் சார்.”

“நாளை ஞாயிற்றுக்கிழமை” என்று அவரே நினைவுபடுத்திக்கொண்டார். “ஓய்வுநாளில் வேடிக்கை பார்ப்பது முறையன்று. திங்கட்கிழமை காலை பார்ப்போம். அதுவரை இங்கேயே தங்குகிறோம். டோலிக்காரர்களுக்கும் இருமல் இருக்கிறது.”

ஜெபகனிக்கு உச்சந்தலை காந்தியது.

“திங்கக்கிழமை எட்டு மணிக்கு இவ ஆஸ்பத்திரியில நிக்கணும்.”

“ஆஸ்பத்திரி எங்கும் ஓடிவிடாது.”

“ஆஸ்பத்திரி ஓடாது. எடம் ஓடிரும்லா?”

அவர் அவளைப் பங்களா வராந்தாவுக்கு ஒதுக்கிக்கொண்டு வந்தார். கேட்பவர் குறைந்ததும் பாடப்புத்தகம் மூடிக்கொண்டது. “ஏட்டி, ஒனக்கு ஒண்ணு சொன்னா மனசிலாவாதா? ஹெட்மாஸ்டருக்க மவ ஊரான் பீயும் மூத்திரமும் அள்ளுகான்னு நாலு பேரு சொல்லுவான். எனக்க மொகத்த எங்க கொண்டு வைக்க?”

ராகேல் பின்னாலேயே வந்திருந்தாள். அதிகம் பேசாத பெண். அன்றைக்குப் பேசினாள்.

“நீங்க இருவத்திரண்டு வருசம் பாக்காத ஒண்ணப் படிச்சுக் கொடுத்திய. இன்ஸ்பெக்டரு ஒரு வார்த்த கேட்டதும் தாங்க முடியல்ல. எனக்கு எதையும் நேர்ல பாத்துப் படிக்கணும்பா. அவ்வளவுதான்.”

“பாத்தியா, வாயி,” என்றார் ரசலையன் மனைவியிடம், அது அவள் வாங்கிக்கொடுத்த வாய் என்பதுபோல.

ஜெபகனிக்கு வேறொன்று உறைத்தது. ஒரு நாள் தவறினால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்தான் அவர். அப்படிப்பட்டவர் இரண்டு நாள் குளிரில் கிடக்கத் துணிகிறார் என்றால் கீழே ஊரில் என்னவோ இருக்கிறது.

“புதன்கிழம உபதேசியாருக்க கையில ஒரு கவர் கொடுத்தியளே. அது என்ன?”

ஹெட்மாஸ்டர் மப்ளரைச் சரிசெய்தார்.

“கேக்கேன்லா?”

“ஸ்தோத்திரக் காணிக்கை.”

அவர்கள் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனை நடுவில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை உபதேசியார் உரக்க வாசிப்பார். பசு கன்று போட்டதற்கு, பரீட்சை தேறியதற்கு, பல்வலி நின்றதற்கு என்று இன்னார் இன்னதற்காகக் கொடுத்தது என்பது சபைக்கெல்லாம் தெரிந்துவிடும். காரியம் நடந்த பிறகு கொடுப்பதுதான் வழக்கம். ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டிருந்தார்.

“என்னன்னு எழுதினிய?”

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “‘அசம்பு மலையின் சிகரத்தில் குடும்ப சமேதராய் உறைபனியைக் கண்ணாரக் கண்டு களிக்கக் கிருபை பாராட்டியதற்காக.’”

நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாசிக்கப்போகிறார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்பதற்காகத்தான் இன்றைக்கே இறங்குவதாக இருந்தார். இப்போது இறங்கினால், பார்க்காததற்கு நன்றி சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும். இறங்காமல் திங்கட்கிழமை பார்த்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய்க்குத் திங்கட்கிழமை உயிர் வந்துவிடும். அவருடைய கணக்கு அதுதான்.

அடக்கமாட்டாத எரிச்சலில் ஜெபகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் மூன்று வருஷப் படிப்பை இந்த மனுஷன் உபதேசியாரின் ஒரு வரியோடு வைத்துத் தைத்திருக்கிறார்.

“குடும்ப சமேதராய்னுதானே எழுதியிருக்கு?” என்றாள். “அப்பம் பொய் இல்ல. குடும்பம் பாத்தாச்சு.”

“என்னது?”

“நானும் இவளும் பாத்தோம். நீங்க ஜெபத்துல திவானுக்கிட்ட நின்னப்பம்.”

ரசலையனின் முகம் சிவந்தது. ஜெப நேரத்தில் கண் திறந்த குற்றம், எழுந்துபோன குற்றம், செருப்பில்லாமல் பனியை மிதித்த குற்றம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு கண்டனத்துக்கு வாய் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறு கேள்வி வந்தது.

“எப்பிடி இருந்து?”

ஜெபகனி வராந்தா நாற்காலியில் அமர்ந்தாள். வேதப் புத்தகத்தைத் திறந்தாள். பத்திரத்தை எடுத்து மடிப்பை நீவி அவர் முன்னால் வைத்தாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. சொல்லுதேன்.”

“இது வியாபாரமா?”

“சொல்லாண்டாம்னா விடுங்க. இன்ஸ்பெக்டரு திருப்பியும் வருவாரு. தவளையப் பாத்தேன்னு சொல்லுங்க.”

குமாரதாஸின் ஆபீஸிலிருந்து பேனாவும் மசியும் வந்தன. ஹெட்மாஸ்டர் பெயரும் பட்டமும் உத்தியோகமும் சுழித்துச் சுழித்துப் போட்டார். ஜெபகனி ஊதி ஊதி உலர்த்தினாள். இவ்வளவு சுலபமாகப் போட்டுவிட்டாரே என்று அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் மீனைப் பிடித்தவள் தூண்டில் ஏன் லேசாக இருந்தது என்று யோசிப்பாளா? காகிதத்தை ராகேலின் கையில் திணித்தாள்.

ரசலையன் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டார். “சொல்லு.”

“கல்லுப்பு மாதிரி இருந்து.”

“உப்பு வேண்டாம். முத்துக்கள் பரப்பினாற்போல என்று போட்டுக்கொள்கிறேன். அப்புறம்?”

“மிதிச்சா நொறுநொறுன்னு ஒடைஞ்சு. அப்பளம் மாதிரி.”

“அப்பளம்...” அவர் பேனாவை உயர்த்தி யோசித்து அந்த வரியை விட்டுவிட்டார். “காலுக்கு எப்படி?”

“சுட்டுது.”

“பனி சுடாது.”

“எனக்குச் சுட்டுது.”

‘பாதங்கள் சில்லென்று குளிர்ந்தன’ என்று அவர் எழுதினார்.

அவர் எழுதட்டும். ஜெபகனி எழுந்து முற்றத்துக்கு வந்தாள். வேளாங்கண்ணி தன் தாய்வீட்டுக்கு அன்றைக்கே இறங்குவதாக இருந்தாள். அவளோடு நடந்தால் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, இருட்டும் முன் ராகேலின் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடலாம். திங்கட்கிழமை அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடைதூரம். ஹெட்மாஸ்டர் டோலியில்லாமல் நகரமாட்டார். நாளைக்கு ஓய்வுநாள், பயணம் கிடையாது. அவரை இந்தக் குளிரில் தனியே விட்டுப் போகவும் முடியாது. ஆகவே ராகேல் மட்டும் இறங்குவது என்று ஆயிற்று.

“ஏட்டி, பத்திரம் எங்க வச்சிருக்க?”

“சட்டைக்குள்ள.”

“நனையாம பாத்துக்க. டாக்டரம்மா ஏதும் கேட்டா தரையப் பாக்காத. மொகத்தப் பாத்துச் சொல்லு.”

“செரிம்மா.”

பாதையில் மூடுபனியாய் மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. பிள்ளை தம்முடைய கோட்டைக் கழற்றி ராகேலின் தோளில் போட்டார். “இத இட்டுக்க மக்கா. கீழ போயி சித்தப்பா வீட்டுல கொடு, நான் வாங்கிக்கிடுவேன். ஒனக்க அப்பன் ரெண்டு கோட்டுல ஒண்ணத் தருவாருன்னு பாத்தேன். அவரு முத்துக் கோத்துக்கிட்டு இருக்காரு.”

கோட்டு அவளுக்கு முழங்கால் வரை வந்தது. சிரித்துக்கொண்டே வேளாங்கண்ணியோடு போனாள்.

அவர்கள் முதல் வளைவில் மறையும்வரை ஜெபகனியும் பிள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையின் கை பழக்கதோஷத்தில் இடுப்புப் பக்கம் போயிற்று. துழாவியது. அங்கே கோட்டு இல்லை.

“பொடி டப்பி போச்சு” என்றார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரியாயிற்று. “தங்கச்சி.”

“என்ன அண்ணாச்சி?”

“அதுல இன்னொண்ணும் கெடக்கு. ஹெட்மாஸ்டரு வியாழக்கிழம எங்கிட்ட ஒரு கவர் தந்தாரு, தபால்ல போடச் சொல்லி. நான் மறந்துபோனேன்.”

“யாருக்கு?”

“ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு.” பிள்ளை தரையைப் பார்த்தார். “மவள அனுப்ப இஷ்டமில்ல, அந்த எடத்த வேற ஆளுக்குக் கொடுத்துரணும்னு. வக்கீல் நோட்டீசு கணக்கா வாசகம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். மேல்விலாசம் அவருக்க கைப்பட. அது போய்ச் சேந்துட்டுன்னு அவரு நெனச்சிருக்காரு தங்கச்சி. அதாக்கும் இப்பம் கேட்டதும் கையெழுத்துப் போட்டது.”

ஜெபகனி முற்றத்து விளிம்புக்கு ஓடினாள்.

அப்பன் கையெழுத்தில், டாக்டரம்மா பெயருக்கு, ஒட்டிய கவர். ராகேல் அதைக் கண்டால் என்ன செய்வாள் என்பதில் தாய்க்குச் சந்தேகமே இல்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்கிற பெண் இல்லை அவள். அப்பா மனசு இரங்கித் தனியாக ஒரு சிபாரிசு எழுதியிருக்கிறார் என்று நினைத்து, திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தன் கையாலேயே கொண்டு கொடுப்பாள்.

“ராகேலு...”

கீழே இரண்டாவது வளைவில் கறுத்த கோட்டு தெரிந்தது. குரலைக் காற்று பின்பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று. ஜெபகனி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

அங்கே ராகேல் திரும்பிப் பார்த்தாள். அம்மா வழியனுப்புகிறாள் என்று எண்ணிக்கொண்டு அவளும் கையை ஆட்டினாள். பிறகு மஞ்சு பாதைமேல் கவிந்து வர, குளிருக்கு இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள்.